கியோனோவின் பாதி வெட்டு

தாஜிரி கியோனோ வாளைத் தொட்டதற்கு வீரம் காரணமில்லை. தோள்பட்டைதான் காரணம். நாற்பத்தெட்டு வயதில் ஒரு நாள் காலையில் தலைசீவக் கையைத் தூக்கினாள். கை காதுவரைக்கும் வந்தது. இதற்கு மேல் என்னால் ஆகாது என்று அங்கேயே நின்றுவிட்டது. எலும்பு வைத்தியர் தோளை அமுக்கிப் பார்த்தார். "தினமும் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி இறக்கணும். ஏதாவது ஒரு சாக்கு வெச்சு செய்யுங்க. சும்மா செய்யச் சொன்னா யாரும் செய்றதில்ல."

முதலில் அவள் போனது நகராட்சிக் கூடத்தில் நடந்த ஹவாய் நடன வகுப்புக்கு. அவள் ஊரான யாட்சுஷிரோவில் ஐம்பதை நெருங்கிய பெண்கள் அத்தனை பேரும் அதற்குள் சேர்ந்து இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அறிவிப்புப் பலகையில் அதற்குப் பக்கத்துத் தாள் வாள் பயிற்சி. தொலைபேசியில் கூப்பிட்டு, "கையைத் தலைக்கு மேல தூக்கி இறக்குற வேலை உண்டா?" என்று கேட்டாள்.

"அது ஒண்ணுதாங்க உண்டு" என்றது மறுமுனை.

மறுமுனையில் பேசியவர் ஷீபா. தொழிலில் மாட்டு வைத்தியர். கியோனோவைவிடப் பத்து வயது இளைய மனுஷர். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் மாட்டிடம் பேசுவதுபோல, பதிலை எதிர்பார்க்காமல் பேசுவார். அவர் வீட்டுக்குப் பின்னாலிருந்த தீவனக் கொட்டகைதான் பயிற்சிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் வருவார்கள். அவர்களில் வாய் நீளம் ஹமசாகிக்கு. பஸ் டிரைவர், வாரமெல்லாம் ஓட்டும்போது பேசக்கூடாது என்று எழுதி ஒட்டியிருப்பதால் ஞாயிறன்று சேர்த்துவைத்துப் பேசுவார்.

ஆறு மாதத்தில் தோள்வலி போய்விட்டது. அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் அதற்குள் கியோனோவுக்கு ஆசை பிடித்துவிட்டது. வாளை உருவுகிறபோது உறையிலிருந்து வருகிற சின்னச் சத்தம், வீசுகிறபோது காற்று கிழிகிற சத்தம், கறுப்புக் கால்சராயின் மடிப்புகள். கண்ணாடியில் பார்த்தால் யாரோ பெரிய மனுஷி மாதிரி இருந்தது. மரவாளில் ஒரு வருஷம், மழுங்கல் வாளில் ஒரு வருஷம் ஓட்டினாள். அதன் பிறகு ஷீபா ஒரு கூர்வாளை அவள் கையில் கொடுத்தார். "இனி பாய் வெட்டலாம்."

கோரை விளைகிற ஊரில் பழைய பாய்க்குப் பஞ்சமில்லை. பாயை இறுக்கச் சுருட்டிக் கட்டி, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வடியவிட்டு, கட்டையில் அடித்த முளையில் செங்குத்தாகச் செருகி நிறுத்துவார்கள். அதைச் சாய்வாக வெட்ட வேண்டும். ஷீபா வெட்டினால் பாய்க்கே தெரியாது. மேல்துண்டு ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நழுவும். ஹமசாகி வெட்டினால் முள்ளங்கி நறுக்கின மாதிரி துண்டு துண்டாக விழும்.

கியோனோ வெட்டியபோது பாய் அறுபடவில்லை. முளை, கட்டை எல்லாவற்றோடும் சேர்ந்து சாய்ந்து, உருண்டு போய் ஹமசாகியின் காலடியில் நின்றது.

"என்கிட்ட அடைக்கலம் கேக்குது" என்றார் ஹமசாகி.

அடுத்தடுத்த வாரங்களில் வாள் பாயில் பட்டுத் துள்ளியது, வழுக்கியது, பாதி வரை போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. வாள் போகிற திசையும் அதன் கூர் பார்க்கிற திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். இம்மி பிசகினாலும் அது வாளில்லை, தடி. கியோனோவின் கையில் அது பெரும்பாலும் தடியாகவே இருந்தது. ஒரு ஞாயிறு வெட்டி முடித்து வாளை உறையில் போடப் பார்த்தாள். பாதிக்கு மேல் போகவில்லை.

"மாஸ்டர், உள்ள போக மாட்டேங்குது."

ஷீபா வாங்கி, ஒற்றைக் கண்ணை மூடி, வாளின் முதுகை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார்.

"வளைஞ்சிருக்கு."

"முதுகா? எனக்கா?"

"வாளு."

கவைபோட்ட ஒரு மரத்துண்டில் வாளை மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி நேராக்கினார். "பாயை அடிக்கிறீங்க அக்கா. வெட்டல. அது உங்களை ஒண்ணும் பண்ணலையே."

"பண்ணுது மாஸ்டர். நின்ன இடத்துலேயே நின்னுக்கிட்டு என்னைப் பார்க்குது."

வீட்டில் வேறு கதை. பாய்ச் சுருள்களை ஊறப்போட அவர்கள் வீட்டில் குளியல் தொட்டியைத் தவிர வேறு பாத்திரம் இல்லை. கணவர் குனிஹிரோ காகித ஆலையில் ஷிப்ட் வேலை. உடம்பெல்லாம் கூழ் நாற்றத்தோடு வருகிறவருக்கு வந்ததும் வெந்நீரில் இறங்கியாக வேண்டும். சனிக்கிழமை தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்து, குளியலறையிலிருந்தே கத்துவார்.

"ஏய், உள்ள யாரோ இருக்காங்க!"

"பாய்ங்க."

"இந்த வீட்ல எனக்கு முன்னாடி பாய் குளிக்குதா?"

"அது நாளைக்கு வெட்டுப்படப் போகுதுங்க. கொஞ்சம் விட்டுக் கொடுங்க."

"வெட்டுப்படப் போகுதா? நீயா வெட்டப்போற? அப்ப அதுக்கு ஆயுசு கெட்டி. வெளிய எடு."

இதையெல்லாம் கியோனோவே மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். தன்னைப் பற்றித் தானே முதலில் கேலி பேசிவிட்டால் பிறருக்கு மிச்சம் இருக்காது என்பது அவள் கொள்கை. ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்தக் கொள்கை தடுக்கி விழுந்தது. அவள் வேலை பார்த்த கல்யாண மண்டபத்தில்.

அந்த மண்டபத்தில் பதினைந்து வருஷமாக மைக் பிடிப்பவள் அவள்தான். மணமக்களை எங்கே நிறுத்துவது, எப்போது எழுப்புவது, எந்த மாமாவைப் பாடவிடக்கூடாது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. அதில் முக்கியமானது கேக். ஆளுயரத்துக்கு அஞ்சடுக்குக் கேக், முக்கால்வாசி மெழுகு. ஓரிடத்தில் முன்கூட்டியே கீறி வைத்திருப்பார்கள். மணமக்கள் ரிப்பன் கட்டிய நீளக் கத்தியை ரெண்டு பேருமாகப் பிடித்து அந்தக் கீறலுக்குள் இறக்குவார்கள். அடியிலிருந்து வெண்புகை கிளம்பும். கியோனோ பின்னால் நின்று குசுகுசுப்பாள்: "கொஞ்சம் இடப்பக்கம்... அங்கதான்... சிரிங்க... இறக்குங்க." ஏற்கெனவே வெட்டிய ஒன்றை மறுபடி வெட்டவைப்பதில் இந்த மாவட்டத்திலேயே தனக்கு நிகரில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அவள் வாள் பழகுவது மண்டபத்தில் தெரியவந்ததும், சமையற்கட்டிலிருந்து ஒரு திங்கட்கிழமை கேள்வி வந்தது. "நேத்து பாய் வெட்டுனீங்களாமே? விழுந்துச்சா?"

"ம்... விழுந்துச்சு" என்றாள்.

கட்டையோடு விழுந்தது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தலைமைச் சமையல்காரர், "அடேயப்பா!" என்று சொல்லி, அவள் சாப்பாட்டுத் தட்டில் கடுகு அடைத்த தாமரைக்கிழங்கு ரெண்டு துண்டு அதிகம் வைத்தார். தாமரைக்கிழங்கு வாயிலிருக்கும்போது உண்மை பேசுவது கஷ்டம். அப்புறம் பேச்சு கைமாறிக் கைமாறிப் போனது. மேலாளர் சகாகுச்சியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது, தாஜிரி கியோனோ மூன்று பாய்களைச் சேர்த்துவைத்து ஒரே வீச்சில் வெட்டுகிறவளாகியிருந்தாள். அவள் அதை மறுக்கவில்லை. மறுக்க யாரும் நேராகக் கேட்கவுமில்லை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். மனசு நம்பவில்லை, ஆனால் தாமரைக்கிழங்கை வேண்டாமென்று சொல்லவுமில்லை.

இலையுதிர் காலத்தில், கோரை நடவுக்கு ஆட்கள் வயலில் இறங்குவதற்கு முன்னால், ஒரு கல்யாணத்துக்கு மண்டபம் பேச வந்தார்கள். மாப்பிள்ளை யோஷிதாகா, கோரை விவசாயி முனகதாவின் மகன். பெண் மிஹோகோ, பாய்க்கடைக்காரர் மகள்; தகப்பனோடு உட்கார்ந்து பாய் தைக்கிறவள், விரல்களெல்லாம் காய்த்துப் போயிருந்தன. சகாகுச்சி கேக் படங்களை மேசையில் பரப்பினார்.

மிஹோகோ படங்களை ஒதுக்கினாள். "மெழுகு கேக் எனக்கு வேணாங்க. என் சிநேகிதி கல்யாணத்துல கிட்ட நின்னு பார்த்தேன். முன்னாடியே கீறி வெச்சிருக்கு."

சகாகுச்சி கியோனோவைத் திரும்பிப் பார்த்தார், கீறியது என்னவோ அவள் சொந்த யோசனை என்பதுபோல.

"அவங்க வீட்ல கோரை, எங்க வீட்ல பாய்" என்றாள் மிஹோகோ. "பாயை வெச்சு ஏதாவது செய்யலாமே."

யோஷிதாகா இழுத்தான். "டிவியில பார்த்தேன். பாயைச் சுருட்டி நிறுத்தி, வாளால... அது பண்றாங்களே..."

"எது பண்றாங்க?" என்றார் சகாகுச்சி.

"அதாங்க. இப்படி." கையால் காற்றில் சாய்வாக ஒரு கோடு போட்டான்.

அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சில் வெட்டு, பிரி, முடி, திரும்பு என்ற சொற்களை வாயில் எடுக்கக்கூடாது. கேக்கைக்கூட வெட்டுவதாகச் சொல்லமாட்டார்கள். 'கத்தி இறங்குகிறது' என்றுதான் கியோனோ பதினைந்து வருஷமாக மைக்கில் சொல்லிவந்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா முனகதா மேசையைத் தட்டினார். "வெட்டுறாங்க! சொல்லித் தொலையேண்டா. ஆடி மாசம் கோரையை வெட்டலேன்னா நம்ம வீட்ல அடுப்பு எரியுமா? எங்க குடும்பத்துக்கு அது நல்ல வார்த்தைங்க."

சகாகுச்சியின் முகம் மலர்ந்தது. "அப்படீன்னா வெளிய ஆளே தேட வேணாம். நம்ம தாஜிரியம்மா இருக்காங்க! மூணு பாயை ஒரே வீச்சுல!"

"மூணெல்லாம் இல்லீங்க" என்றாள் கியோனோ. அது சத்தியமான உண்மை. அதை எல்லாரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு தலைகுனிந்து வணங்கினார்கள். அவளும் வணங்கினாள். நிமிர்ந்தபோது காரியம் முடிந்திருந்தது.

ஞாயிறன்று ஷீபாவிடம் விஷயத்தைச் சொன்னாள். தாமரைக்கிழங்கை மட்டும் விட்டுவிட்டாள். ஷீபா ஊசி போடுவதற்கு முன்னால் மாட்டைப் பார்ப்பதுபோல அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களா?"

"நானேதான் மாஸ்டர்."

"ஹமசாகியை அனுப்பட்டுமா?"

"நான் போறேன்" என்று ஹமசாகி எழுந்தார். "சாப்பாடு உண்டுல்ல?"

ஆம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தாள். வந்த வார்த்தை வேறு: "இல்ல, என் பேரைச் சொல்லிட்டாங்க." சொல்லிவிட்டு, இந்த நாக்கை எந்த மாஸ்டர் வந்து நேராக்குவார் என்று நினைத்துக்கொண்டாள்.

"சரி" என்றார் ஷீபா. "பாதிப் பாய் போதும். மெல்லிசாச் சுத்துங்க. நல்லா ஊறட்டும். நான் பக்கத்துல நிக்கிறேன்."

அதற்கப்புறம் கல்யாண நாள் வரைக்கும் குனிஹிரோவுக்குப் பொதுக் குளியல் கூடம்தான். மெல்லிய சுருளில் கியோனோ வெட்டிப் பழகினாள். ஒரு தடவை கிட்டத்தட்ட விழுந்துவிட்டது. கடைசி இழை மட்டும் அறுபடாமல் மேல்துண்டு தொங்கி ஆடியது. ஹமசாகி கிட்டே வந்து அதை விரலால் சுண்டினார். "புது மருமக நறுக்குன வெங்காயத்தாள் மாதிரி இருக்கு. எடுத்தா மாலையா வருது."

ஆனாலும் இது போதும் என்று கியோனோவுக்குப் பட்டது. மெல்லிய பாய், நன்றாக ஊறிய பாய், பக்கத்தில் மாஸ்டர். பின்னே என்ன.

கல்யாணத்தன்று கறுப்புக் கால்சராயும் வெள்ளை மேல்சட்டையும் போட்டுக்கொண்டு, தான் சுருட்டிய மெல்லிய பாயைப் பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு மேடைப் பக்கம் போனாள். மேடையில் முனகதா நின்றிருந்தார். கட்டையின் முளையில் ஏற்கெனவே ஒரு பாய் நின்றுகொண்டிருந்தது. மனுஷனுடைய தொடை கனம். புத்தம் புதுசு, பச்சை மினுமினுத்தது, வாசனை நாலு மேசை தாண்டி வந்தது.

"எங்க வயல் கோரை" என்றார் முனகதா. "இந்த வருஷத்து முதல் அறுப்பு. நானே சுத்தினேன். இழுத்துப் பாருங்க, அசையாது."

கியோனோ தொட்டுப் பார்த்தாள். கட்டை மாதிரி இருந்தது. சொட்டு ஈரமில்லை.

"இது... ஊறப்போடலீங்களா?"

"ஊறப்போடறதா? நிறம் போயிடுமே! சம்பந்தி பாய்க்கடைக்காரர், அவர் முன்னாடி நனைஞ்ச பாயை நிறுத்துறதா?" அவள் கையிலிருந்த பையைப் பார்த்தார். "அது என்ன, துடைப்பமா?"

"ஆமாங்க" என்றாள் கியோனோ.

ஷீபா பாயைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். வயிற்றில் கன்று குறுக்கே நின்றுகொண்ட பசுவைப் பார்க்கிற முகம். கியோனோவின் காதுப்பக்கம் குனிந்தார். "அக்கா, இதை நான்கூட வெட்டமாட்டேன்."

"இப்ப என்ன மாஸ்டர் பண்றது?"

"வாள் உடையாமப் பார்த்துக்குங்க."

விருந்தினர்கள் அரிசிச் சாராயக் கிண்ணங்களை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். சமையற்கட்டுக் கதவு திறந்து, தலைமைச் சமையல்காரர் தன் ஆட்கள் எல்லாரோடும் வெளியே வந்து வரிசையாக நின்றார். வீடியோக்காரர் விளக்கைப் போட்டார். முன்வரிசை மேசைகளைச் சகாகுச்சி பின்னுக்குத் தள்ளச் சொன்னார். "ஒரே வீச்சு, பறக்கும்!" என்று எல்லாருக்கும் சொல்லிவைத்தார்.

கியோனோ வணங்கினாள். வாளை உருவினாள், அதுவரை எல்லாம் அழகாகவே நடந்தது. தலைக்கு மேல் தூக்கினாள். ஹவாய் நடன வகுப்பில் அன்றைக்கு ஒரே ஒரு இடம் காலியாக இருந்திருக்கக்கூடாதா என்ற எண்ணம் வந்துபோனது. இறக்கினாள்.

விறகில் கோடாரி பட்டதுபோல ஒரு சத்தம். வாள் பாயின் பாதிவரை போய் நின்றது. இழுத்தாள், வரவில்லை. அமுக்கினாள், போகவில்லை. பாய் வாளைக் கவ்விக்கொண்டது. மண்டபத்தில் மீன்முள் விழுந்தாலும் கேட்கும்.

அந்த மௌனம் கியோனோவுக்குப் பழக்கமானது. கல்யாண வீட்டில் யாருக்காவது பேச்சு மறந்துபோகும்போது வருகிற மௌனம். அது நீளக்கூடாது என்பது அவள் வேலை. யோசிப்பதற்கு முன்னால் வாய் தானாகத் திறந்து, மைக் இல்லாமலே, பதினைந்து வருஷத்துக் குரலில் முழங்கியது:

"இதோ, வாள் இறங்கிவிட்டது! மணமக்கள் ரெண்டு பேரும் எழுந்து வந்து, கை சேர்த்து, மீதியை நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறோம்!"

கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. பாதிவரை வெட்டி நிறுத்துவதுதான் பெரிய வித்தை என்று எல்லாருக்கும் தோன்றிவிட்டது. ஷீபா ஒருவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

சிவப்புப் பட்டு மேலங்கி தரையில் புரள மிஹோகோ எழுந்து வந்தாள். கியோனோ ஒரு கயிற்றால் அவள் அங்கியின் நீளத் தொங்கும் கைகளை முதுகுப்பக்கம் இழுத்துக் கட்டிவிட்டாள். மணப்பெண் பாயை ஒரு பார்வை பார்த்தாள், வாளைப் பார்த்தாள்.

"இறுக்கச் சுத்தியிருக்காரு மாமா" என்று முணுமுணுத்தாள். பிறகு கியோனோவிடம் தாழ்ந்த குரலில், "மாட்டிக்கிச்சாங்க?"

"மாட்டிக்கிச்சும்மா."

"பரவால்ல. நீங்க சிரிச்சுக்கிட்டே நில்லுங்க."

கியோனோ ஆயிரம் மணப்பெண்களிடம் சொன்னதை முதல்முதலாக ஒரு மணப்பெண் அவளிடம் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டே நின்றாள்.

மாப்பிள்ளை பாயின் மேல்முனையைப் பிடித்துச் சற்றே பின்பக்கம் சாய்த்தான். பிளவு வாய் திறந்தது. மிஹோகோ கைப்பிடியைப் பற்றி, பாய்க்கடையில் ஓரம் அறுக்கிற மாதிரியே, தன் பக்கம் நீளமாக ஒரு இழுப்பு இழுத்தாள். தள்ளினாள். மறுபடி இழுத்தாள். வாளை ரம்பமாக்கிவிட்டாள். உறையைக் கையில் வைத்திருந்த ஷீபா, தன் காலையே அறுப்பதுபோலப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நாலாவதோ ஐந்தாவதோ இழுப்பில் மேல்துண்டு மாப்பிள்ளையின் கையோடு வந்துவிட்டது. அவன் அதைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு பின்னால் ரெண்டடி தள்ளாடினான். முனகதா அழுதேவிட்டார். "எங்க கோரை! லேசுல விடல பாத்தீங்களா? லேசுல விடல!"

சாப்பாட்டு நேரத்தில் ஒரு கிழவர் கியோனோவிடம் வந்து, பாதியில் நிறுத்துகிற கலையைப் பழக எத்தனை வருஷம் ஆகும் என்று பயபக்தியோடு கேட்டார்.

"எனக்கு அது முதல் நாளே வந்துருச்சுங்க" என்றாள் கியோனோ.

சமையல்காரர்கள் ஏமாறவில்லை. கத்தி பிடிக்கிறவர்களுக்குக் கத்தி மாட்டிக்கொண்டது தெரியாதா? திங்கட்கிழமை தலைமைச் சமையல்காரர் வழக்கம்போல அதிகப்படியான ரெண்டு துண்டை வைத்தார். ஆனால் இந்தத் தடவை அது பரிதாபத்துக்கு. கியோனோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: கட்டை உருண்டது, வாள் வளைந்தது, வெங்காயத்தாள். சமையற்கட்டே விழுந்து விழுந்து சிரித்தது. முன்னாலேயே சொல்லியிருந்தால் இதைவிட நன்றாகச் சாப்பிட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் கல்யாண வீடியோ வந்து சேர்ந்தது. முனகதா வீட்டார் நன்றி சொல்லி ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள். அவள் அதை ஞாயிறன்று கொட்டகைக்குக் கொண்டுபோனாள். திட்டு வாங்குவதானால் ஒரேயடியாக வாங்கிவிடலாம் என்று. மாட்டு நோய்ப் படங்கள் போட்டுக் காட்டுவதற்கென்று ஷீபா வைத்திருந்த பழைய டிவியில் எல்லாருமாகப் பார்த்தார்கள்.

திரையில் கியோனோ வாளைத் தூக்கினாள், இறக்கினாள், மாட்டிக்கொண்டாள்.

"நிறுத்து, நிறுத்து" என்றார் ஹமசாகி. "பின்னாடி போ. இன்னும் கொஞ்சம். அங்க!"

படம் அசையாமல் நின்றது. வாள் பாயைத் தொடப் போகிற கணம். திரையிலிருந்த கியோனோ ரெண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தாள். வாய் ஒரு பக்கம் கோணி, புளித்த பிளம் ஊறுகாயைக் கடித்ததுபோல முகமே சுருங்கிப் போயிருந்தது.

ஷீபா டிவிக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

"அக்கா" என்றார் ஷீபா மெதுவாக. "எப்பவுமே இப்படித்தானா?"

"எனக்கெப்படித் தெரியும் மாஸ்டர்? கண்ணைத்தான் மூடிக்கிட்டிருக்கேனே!" பிறகு அவளுக்கே கோபம் வந்தது. "நீங்க இத்தனை நாளா பார்க்கலையா?"

"நான் கையைத்தான் பார்த்தேன்" என்றார் ஷீபா. அவர் காது சிவந்துவிட்டது. "மாடு உதைக்கிறப்போ யாரும் மூஞ்சியைப் பார்க்கிறதில்ல."

ஹமசாகி தரையில் உட்கார்ந்து சிரித்தார். "கண்ணை மூடிக்கிட்டே பாதிவரைக்கும் போயிருக்காங்க! நான் பஸ்ஸை அப்படி ஓட்டுனா எங்க போய் நிப்பேன்?"

கியோனோவும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். எதற்கு மூடுகிறேன்? பாய் திருப்பி அடிக்காது. வாள் தன் பக்கம் வராது. அவளுக்குக் கிடைத்த பதில் ஒன்றே ஒன்று: வெட்டு விழாமல் போவதைக் கண்ணால் பார்க்க அவளுக்குப் பயம். சின்ன வயசில் பரீட்சைத் தாளை வாங்குகிறபோதும் இப்படித்தான் மூடியிருக்கிறாள். ஐம்பது வயசுக்கு மேல், மாட்டுத் தீவனத்துக்கு நடுவில், இதைத் தெரிந்துகொள்ளத் தனக்கு ஒரு வாளும் ஒரு கல்யாணமும் தேவைப்பட்டிருக்கிறது என்று நினைத்தால் சிரிப்பாகத்தான் இருந்தது.

வீட்டில் பழக ஆரம்பித்தாள். அவள் மரவாளை இறக்கும்போது குனிஹிரோ எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"மூடிட்ட."

"இல்லீங்க."

"மூடிட்டம்மா. இமை ரெண்டும் ஒட்டிக்கிச்சு. மறுபடி."

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் தன் முகத்தை இத்தனை நேரம் தொடர்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை என்று சொல்லிக் கியோனோ அவரை வெட்கப்பட வைத்தாள். அவர் செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். ரெண்டு நிமிஷத்தில் மடித்து வைத்துவிட்டு, "சரி, தூக்கு" என்றார்.

கண்ணைத் திறந்தபடி பாயை வெட்டப்போன முதல் ஞாயிறு, வாள் பாயில் படவே இல்லை. கண் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதிலேயே கவனம் போய்விட்டதால் ஒரு முழம் தள்ளி நின்று காற்றை வெட்டினாள். "காத்து ரெண்டாப் போச்சு" என்றார் ஹமசாகி. அப்புறம் மறுபடி துள்ளல், மறுபடி வழுக்கல், மறுபடி பாதி. ஆனால் இப்போது எல்லாவற்றையும் அவள் பார்த்தாள். வலது கை முந்திக்கொண்டு தள்ளுவதை, வாள் முனை தலையாட்டுவதை, பாய் சற்றே நெளிந்து வாளைப் பிடித்துக்கொள்வதை. பார்க்கப் பார்க்க அது அத்தனை பயங்கரமாக இல்லை. கேவலமாகத்தான் இருந்தது. கேவலம் அவளுக்குப் பழக்கம்தான்.

அடுத்த வெயில் காலத்தில், வயல்களில் கோரை அறுப்பு இயந்திரங்களின் இரைச்சல் விடியற்காலையிலேயே தொடங்கிவிட்ட ஒரு ஞாயிறு. கியோனோவின் முறை வந்தது. சாதாரணப் பாய், சாதாரண கனம், நன்றாக ஊறியது. தூக்கினாள். பாயின் முடிச்சில் ஒரு சிலந்திப் பூச்சி ஏறிக்கொண்டிருந்தது; அதற்குச் சற்றுக் கீழே இறக்க வேண்டும் என்று நினைத்தாள். இறக்கினாள்.

கையில் ஒன்றும் தெரியவில்லை. அதிர்ச்சி இல்லை, கவ்வல் இல்லை, சத்தமும் பெரிதாக இல்லை. இத்தனை மாசம் கழித்து மறுபடியும் காற்றையா என்று மனசு சுருங்கிப் போனது. வாளைத் தாழ்த்தி, ஷீபாவின் பக்கம் திரும்பி, முறைப்படி இடுப்பை வளைத்து வணங்கினாள்.

"மன்னிக்கணும் மாஸ்டர். தவறிடுச்சு."

தலை தூக்கிப் பார்த்தாள். ஷீபா அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஹமசாகியின் வாய் திறந்திருந்தது, ஆனால் அதிலிருந்து சத்தம் வரவில்லை; அதுவே ஊரில் பேசப்பட வேண்டிய விஷயம்.

திரும்பினாள். முளையில் பாதிப் பாய் நின்றது. மேல்முகம் சாய்வாக, நனைந்த கோரைத் தண்டுகளின் வட்ட வட்ட முனைகள் ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி, வழவழவென்று இருந்தது. மீதி தரையில் கிடந்தது. சிலந்தி அதன் மேலே நின்று திசை தெரியாமல் யோசித்துக்கொண்டிருந்தது.

"அதை நானா பண்ணேன்?" என்றாள் கியோனோ.

"பூச்சியைத்தான் கேக்கணும்" என்றார் ஹமசாகி, ஒருவழியாக.

ஷீபா கீழே குனிந்து துண்டை எடுத்தார். வெட்டுவாயில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று கியோனோ காத்திருந்தாள். அவர் தலையை மட்டும் ஒரு தடவை ஆட்டினார், கன்று ஒழுங்காக எழுந்து நின்றால் ஆட்டுவதுபோல. துண்டை அவளிடம் நீட்டினார்.

"இன்னைக்குப் பெருக்குற முறை உங்களோடது, அக்கா. ஈரம் காயறதுக்குள்ள அள்ளிடுங்க. காஞ்சா கொட்டகை பூரா தும்பு."

கியோனோ துண்டைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு துடைப்பத்தை எடுத்தாள். பெருக்கிக்கொண்டே இன்னொரு தடவை அதன் வெட்டுவாயைப் பார்த்தாள். குப்பை முறத்தை விட்டுக் கதவுப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"முறம் இங்க இருக்கும்மா" என்றார் ஹமசாகி. "கண்ணைத் திறந்து பாருங்க."